கோட்டுக்குக் கீழே

மூன்று கிலோ நானூறு கிராம்.

பன்னிரண்டு வாரம் தினமும் முக்கால் மணி நேரம் நடந்து, மதியச் சோற்றில் ஒரு கரண்டியும் குறைத்துக்கொண்டால் அவ்வளவுதான் குறையும் என்று போனில் இருந்த மெய்க்கணி செயலி சொன்னது. ஜெசிந்தாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இதுக்கா சார் இம்புட்டுப் பாடு? எங்க ஆபீஸ்ல ஒருத்தி ஒரே மாசத்துல எட்டுக் கிலோ குறைச்சிருக்கா."

"எப்படிக் குறைச்சாங்கன்னு கேட்டீங்களா மேடம்? அதுல எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு கேட்டீங்களா?" மெய்க்கணியின் ஆலோசகராகச் சென்னையிலிருந்து பேசிய கார்மேகத்தின் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. அந்த நிறுவனத்தில் சேருவதற்கு முன் பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். "முக்கால் மணி நேரம் நடந்தா ரெண்டு தோசை அளவுதான் எரியும். நடந்துட்டு வந்தா பசிக்கும். பசிச்சா நமக்கே தெரியாம ஒரு தோசை கூட உள்ள போகும். மொத வாரம் ஒரு கிலோ குறையும், அது தண்ணி. அதைப் பாத்து ஆடாதீங்க. அதுக்கப்புறம் வாரத்துக்கு இருநூறு கிராம், முந்நூறு கிராம். ஆனா சர்க்கரை இறங்கும், நல்லா தூக்கம் வரும், மாடிப்படி ஏறுறப்ப மூச்சு வாங்காது. அதுக்குத்தான் நடக்கச் சொல்றோம்."

ஜெசிந்தாவுக்கு நாற்பத்து நான்கு வயது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் சரக்குப் பத்திரங்களைப் பார்க்கும் வேலை. வருடாந்தரப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது என்றார்கள். அதனால்தான் அவளும் நெல் போட்டுக்கொண்டாள்.

நெல் என்பது ஜனங்கள் வைத்த பெயர். முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தும் நெல்மணி அளவுக் கருவி. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு அசைந்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று அது கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். அதை வைத்து அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு எடை எப்படிப் போகும் என்று மெய்க்கணி ஒரு கோடு வரைந்து போனில் காட்டும். இருநூறு கிராமுக்கு மேல் அது தவறியதே இல்லை என்று தொலைக்காட்சியில் நாள் முழுவதும் விளம்பரம் ஓடியது. இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில் தமிழ்நாட்டில் பாதிப் பேர் கையில் நெல் இருந்தது.

ஜெசிந்தாவுக்கு எதையும் தாளில் எழுதினால்தான் மனம் அடங்கும். கோட்டில் இருந்த பன்னிரண்டு எண்களையும், சமையலறையில் மாட்டியிருந்த மாதா கோயில் காலண்டரில், ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் பென்சிலால் எழுதிவைத்தாள். ஆரம்பம் எண்பத்திரண்டு நானூறு. எட்டாவது வாரம் எழுபத்தொன்பது தொள்ளாயிரம். கடைசிக் கட்டத்தில் எழுபத்தொன்பது.

அவள் கணவன் பர்னபாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். காலண்டரைப் பார்த்துவிட்டு, "மூணு கிலோவுக்கு மூணு மாசமாட்டி? நம்ம வீட்டுப் பூனை ஒரு சளி பிடிச்சா குறைச்சிரும்" என்று சிரித்தான்.

கார்மேகம் சொன்னபடியே நடந்தது. முதல் வாரம் ஒரு கிலோ இறங்கியது. பிறகு எடை ஆமை மாதிரி நகர்ந்தது. நான்காவது ஞாயிறு காலண்டரில் எண்பது எழுநூறு. தராசில் எண்பது அறுநூறு. காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது கால் இலகுவாக இருந்தது. அலுவலக மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினாள். மூன்று கிலோ நானூறு என்ற எண் அவளுக்குப் பழகிவிட்டது.

ஐந்தாவது ஞாயிறு எழுநூறு கிராம் கூடுதலாக இறங்கியிருந்தது. சந்தோஷமாக இருந்தது. ஆறாவது ஞாயிறு எழுபத்தெட்டு அறுநூறு. காலண்டர் சொன்னதைவிட ஒரு கிலோ எழுநூறு குறைவு. பர்னபாஸ் பேக்கரியில் மக்ரூன் வாங்கிவந்து, "சாப்பிடு, உனக்கு இனிமே என்ன பயம்" என்றான்.

அலுவலகத்தில் அடுத்த மேசை சொர்ணம் ஊருக்கே சொல்லிவிட்டாள். "யக்கா, காலேஜ் பிள்ளை மாதிரி ஆயிட்டிய! ரகசியத்தைச் சொல்லுங்க."

"ரகசியம் என்ன, நடக்கேன். ஒரு கரண்டி சோறு குறைச்சேன்."

"சும்மா சொல்லாதீய. அதுக்கா இப்படிக் குறையும்?"

சொர்ணம் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அன்று மதியம் டிபன் டப்பாவைத் திறந்தபோது ஜெசிந்தாவுக்கு அந்தக் கேள்வி மறுபடி வந்தது. அதுக்கா இப்படிக் குறையும்?

எட்டாவது ஞாயிறு காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது கல்யாண மோதிரம் விரலிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் சோப்புப் போட்டாலும் கழலாத மோதிரம். தேடி எடுத்து மாட்டினாள். கையைத் தொங்கவிட்டதும் மறுபடி நழுவியது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்த் தராசில் ஏறி நின்றாள்.

எழுபத்தைந்து எழுநூறு.

காலண்டரில் எழுபத்தொன்பது தொள்ளாயிரம் என்று இருந்தது. நான்கு கிலோவுக்கு மேல் வித்தியாசம். போனை எடுத்து மெய்க்கணியைத் திறந்தாள். பச்சை எழுத்தில் பாராட்டு மின்னியது. 'எட்டாவது வாரக் கணிப்பு 75.8. உங்கள் எடை 75.7. நீங்கள் உங்கள் கோட்டிலேயே இருக்கிறீர்கள்.'

ஜெசிந்தா போனையும் காலண்டரையும் மாறிமாறிப் பார்த்தாள். பென்சில் எழுத்து அவளுடையதுதான். ஏழாவது வாரம், ஆறாவது வாரம், ஐந்தாவது வாரம் என்று போனில் பின்னால் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு வாரக் கணிப்பும் அவள் எடையோடு அச்சாகப் பொருந்தியது. காலண்டரில் இருந்த எண் ஒன்றுகூடப் போனில் இல்லை. அவளுடைய உடம்பு ஒருபக்கம் போய்க்கொண்டிருந்தது. கோடு யாருக்கும் சொல்லாமல் அதன் பின்னாலேயே போயிருந்தது.

திங்கட்கிழமை காலை கார்மேகத்தைக் கூப்பிட்டாள். காலண்டர் எண்களை வரிசையாகப் படித்தாள்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். இதை நீங்க எழுதி வச்சிருக்கீங்களா? தாள்லயா?"

"ஆமா. என்ன சார், ஏதும் கோளாறா?"

"மேடம், இந்த வாரம் நடக்காதீங்க. சோத்தைக் குறைக்காதீங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்க, வழக்கத்தைவிடக் கூடவே சாப்பிடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நானூறு கிராமாவது ஏறணும். ஏறிடுச்சுன்னா ஒண்ணும் இல்ல."

"ஏறலேன்னா?"

"ஏறட்டும் மேடம்" என்றார் கார்மேகம். அவர் குரலில் இருந்தது வேண்டுதல் என்று அவளுக்குப் பட்டது. உடம்புக்குள் ஏதோ வியாதி இருக்கிறது என்று அவள் பயந்தது அந்தக் கணத்தில்தான்.

அந்த வாரம் அவள் சாப்பிட்டதுபோல் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. பர்னபாஸ் வேலை முடிந்து வரும்போதெல்லாம் பொரித்த பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்தான். மூன்றாவது பரோட்டாவை அவள் மென்று விழுங்கும்போது எதிரில் உட்கார்ந்து அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேலியெல்லாம் போய்விட்டது. "இன்னும் ஒண்ணு சாப்பிடுட்டி" என்று கெஞ்சினான். அலுவலகத்தில் அவள் அல்வாவைப் பிரித்துத் தின்பதைப் பார்த்த சொர்ணம், "குடுத்து வச்ச உடம்புக்கா உங்களுக்கு. என்ன தின்னாலும் ஏறாது" என்றாள். ஜெசிந்தா மிச்ச அல்வாவையும் வாயில் திணித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை இருவரும் தராசு முன்னால் நின்றார்கள். பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. அவள் ஏறவில்லை.

"நீங்க பாருங்க. நான் கண்ணை மூடிக்கிடுதேன்."

ஏறி நின்றாள். பர்னபாஸ் குனிந்து பார்த்தான்.

"எவ்ளோ?"

"தராசுல பேட்டரி போயிருக்கும்..."

கண்ணைத் திறந்தாள். எழுபத்து நாலு அறுநூறு. ஒரு கிலோ நூறு கிராம் குறைந்திருந்தது.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் ஷெரீபா அவளுடைய போனை வாங்கிப் பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "எல்லாரும் எடை குறையலைன்னு வருவாங்க. நீங்க குறையுதுன்னு வந்திருக்கீங்க" என்று சிரித்தார். "கோட்டுக்கு நேராத்தான போகுது? கணிச்சபடி குறையுறதுக்கு ஏன் பயப்படுதீங்க?"

பர்னபாஸ் எழுந்துவிட்டான். அவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஜெசிந்தா எழவில்லை. பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து மேசைமேல் விரித்தாள். "இதுதான் டாக்டர் அது மொதல்ல போட்ட கோடு. போன வாரம் நடக்கவே இல்ல. பரோட்டாவா தின்னேன். அப்பவும் இறங்கிட்டு."

டாக்டர் பென்சில் எண்களின்மேல் விரலை ஓட்டினார். சிரிப்பு நின்றது. "சாயங்காலத்துல காய்ச்சல் வருதா?"

"காய்ச்சல்னு இல்ல. மேலு லேசாச் சுடும். நடக்கதுனாலன்னு நினைச்சேன்."

"வயிறு?"

"வலது பக்கம் அடியில ஒரு வலி. அதுவும்... உடம்பை அசைக்கதால வருதுன்னு..."

டாக்டர் எழுந்து அவளைப் படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்தினார். ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. அதே இடத்துக்கு மறுபடி வந்தது. "இன்னைக்கே ஸ்கேன் எடுத்திருவோம்" என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் ஜெசிந்தாவைக் கலங்கடித்தது.

குடலின் கடைசியில் ஒரு தடிப்பு இருந்தது. குழாய் விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள் என்றார்கள்.

அந்த நான்கு நாளும் அவர்கள் தாங்கள் பயந்த வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. பர்னபாஸ் விடுப்பு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். மீன் குழம்பு வைத்தான், உப்பு கரித்தது, இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். கண்ணாடியில் தன்னைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, இருபது வருடம் முன்பு அவள் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தாள். அந்த அழகு தன்னைத் தின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்ததும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள்.

மூன்றாம் நாள் மெய்க்கணியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். 'மாதத்தின் சாதனையாளர்' என்று ஜெசிந்தாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். புகைப்படம் எடுக்க ஆள் வருமாம்.

"எனக்கு உடம்பு சரியில்லம்மா."

"பரவாயில்ல மேடம். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் கூட வருவாங்க. இப்ப நீங்க இருக்கிற மாதிரியே எடுத்தாத்தான் நல்லா இருக்கும்."

ஜெசிந்தா போனை வைத்துவிட்டாள். அடுத்த நிமிடமே அது மறுபடி அடித்தது. கார்மேகம்.

"டாக்டரைப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். இன்னும் முடிவு வரல. சார், ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். கோட்டை யாரு மாத்துனது?"

"யாரும் உக்காந்து மாத்தல மேடம். அது தானா மாறும். கணிப்பு தப்பாதுன்னு விளம்பரம் பண்றோம்ல? தப்புறப்பெல்லாம் கோடு நகர்ந்து எடைகிட்ட வந்து ஒட்டிக்கும். பழைய கணிப்பு அழிஞ்சிடும். ஊக்கத் திருத்தம்னு அதுக்குப் பேரு. குறையலையேன்னு வருத்தப்படுறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்னுதான் எங்ககிட்ட சொன்னாங்க. நானும் நம்பினேன்."

"என் உடம்புக்குள்ளதான கிடக்கு அந்த நெல்லு? என்னமோ கோளாறுன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும் மேடம். நடைக்கும் சோத்துக்கும் கணக்கு ஒத்து வரலன்னு அஞ்சாவது வாரமே தெரிஞ்சிருக்கும். ஆனா அதைச் சொன்னா நாங்க வைத்தியம் பாக்கிற கம்பெனி ஆயிடுவோம். அதுக்கு வேற சட்டம், வேற அனுமதி. அதனால அதைக் கேக்குறதே இல்ல. கேக்காததை அது சொல்லாது."

ஜெசிந்தா கேட்காமலேயே அவர் தொடர்ந்தார். "போன வருஷம் தஞ்சாவூர்ல ஒரு தபால்காரர். அருணகிரின்னு பேரு. என்கிட்டதான் இருந்தார். வாராவாரம் ஒரு கிலோ இறங்கினார். கோடு ஒத்துப்போச்சு. நான் வாராவாரம் சபாஷ் சொன்னேன் மேடம். உங்களைப் பாத்து மத்தவங்க கத்துக்கணும்னு சொன்னேன். அஞ்சாவது மாசம் அவர் சம்சாரம் போன் எடுத்து, இனிமே கூப்பிடாதீங்கன்னாங்க. நீங்க அன்னைக்கு அந்தப் பழைய எண்ணெல்லாம் படிச்சீங்களே, அப்பதான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. அவர்கிட்ட காலண்டர் இல்ல."

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. டாக்டர் ஷெரீபா அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "புற்று இல்ல" என்றார் முதலில். பர்னபாஸ் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். "குடல்ல டிபி. காசநோய். ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும், ஒரு நாள் விடக்கூடாது. சரியாயிரும். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்திருந்தா குடல் அடைச்சு, இல்லேன்னா ஓட்டை விழுந்து வந்திருப்பீங்க."

ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல் கிட்டிக்கொண்டே இருந்தது. வீட்டை அடைந்ததும்தான் பர்னபாஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மாத்திரை ஆரம்பித்து ஐந்தாவது வாரம் எடை இறங்குவது நின்றது. ஏழாவது வாரம் அறுநூறு கிராம் ஏறியது. தராசில் அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நெல்லை ஏற்கனவே எடுத்துவிட்டிருந்தாள். அலுவலகத்தில் சொர்ணம் தணிந்த குரலில், "யக்கா, லேசாச் சதை போட்டுட்டியளோ? விட்ராதீய, மறுபடி குறைச்சிரலாம்" என்றாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். சொர்ணம் தன் முழங்கைக்கு மேலே இருந்த சின்னத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள், கோடு நகர்வதைப் பற்றி மேலிடத்தில் கேள்வி கேட்ட கார்மேகத்துக்கு வேலை போய்விட்டது. நடைக்கும் சோற்றுக்கும் பொருந்தாத அளவு எடை இறங்கியவர்களின் பெயர்களைத் தன் பட்டியலிலிருந்தும் உடன் வேலைபார்த்த மூன்று பேரின் பட்டியல்களிலிருந்தும் சேகரித்து, அறுபத்தொரு பேரை ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒன்பது பேரோடு நின்றுபோயிற்று. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் வாடிக்கையாளர்களைப் பயமுறுத்துகிறார், அவர் அழைப்பை எடுக்க வேண்டாம் என்று நிறுவனம் எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டது.

"நான் பேசுனா வச்சிடுறாங்க மேடம்" என்றார்.

"மிச்சப் பேரை எனக்கு அனுப்புங்க. நான் பேசுதேன்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். பர்னபாஸ் எண்களைப் படிக்க, அவள் கூப்பிட்டாள். முதல் ஆள் திட்டினார். இரண்டாவது ஆள், தனக்குச் சர்க்கரை நோய் என்று ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நன்றி சொன்னார். மூன்றாவது எண்ணை ஒரு கிழவர் எடுத்தார். "மகன் இல்லம்மா" என்றார். வெளியே போயிருக்கிறாரா என்று கேட்டாள். கிழவர் போனை வைத்துவிட்டார். ஜெசிந்தா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பர்னபாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நான்காவது எண் ஈரோட்டில் ஒரு பெண். மதுநிலா, இருபத்தாறு வயது. எடுத்த எடுப்பிலேயே குரலில் சிரிப்பு இருந்தது.

"எனக்கு இருபத்தி மூணாந்தேதி கல்யாணமுங்க்கா. பதினோரு கிலோ குறைச்சுட்டேன். எங்க சொந்தத்துலயே ஒருத்தரும் நம்பல. நீங்க என்னமோ ஆஸ்பத்திரிங்கறீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் ரொம்பச் சந்தோசமா இருக்கறேன். தயவு பண்ணி அதைக் கெடுத்துப் போடாதீங்க."

"கெடுக்க வரலம்மா. ஒரே ஒரு கேள்வி கேக்கேன், அதுக்கப்புறம் வச்சிரு. ஆரம்பத்துல உனக்கு எவ்வளவு குறையும்னு சொன்னாங்க?"

"அது... மூணோ நாலோ சொன்னாப்புல ஞாபகம். இப்பப் பாத்தா பதினொண்ணுன்னுதான் காட்டுதுங்க."

"சோறு குறைச்சிட்டியா?"

"மொதல்ல குறைச்சேனுங்க. இப்ப..." அவள் நிறுத்தினாள். பின்னால் யாரோ தையல் இயந்திரம் மிதிக்கும் சத்தம் கேட்டது. "இப்பப் பசிக்குதுங்க. நல்லாத்தான் சாப்பிடறேன். எங்கம்மாகூடச் சொல்லுச்சு, எப்பப் பாத்தாலும் தின்னுட்டே இருக்கறயே, எங்கடி போகுதுன்னு."

"ஜாக்கெட்டு?"

"ரெண்டு தடவை பிரிச்சுத் தெச்சாச்சுங்க. இப்ப மூணாவது தடவை தெச்சுட்டு..."

தையல் சத்தமும் நின்றுவிட்டது. 'யாரு கண்ணு போன்ல?' என்று ஒரு பெண்குரல் தூரத்தில் கேட்டது. மதுநிலாவின் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

"நாளைக்கே போகணுமா இல்ல இன்னைக்கேயாங்க?" என்றாள் மதுநிலா. சிரிப்பு இருந்த இடத்தில் வேறு குரல் இருந்தது.

"நாளைக்குக் காலைல போலாம்மா. என்ன கேக்கணும்னு சொல்லுதேன், எழுதிக்க. பயப்படாத. பேனா எடுத்துட்டு வா."

"எடுத்துட்டு வாறேனுங்க்கா" என்றாள். "போனை வெச்சுப் போடாதீங்க. லைன்லயே இருங்க."